தட்டணுக்களைக் கொன்றது யார்?

சின்னம்மை கண்டு எழுந்த ஒரு சிறுவனை நினைத்துக் கொள்ளுங்கள். வயது ஐந்தோ ஆறோ இருக்கும். கொப்புளங்கள் காய்ந்து உதிர்ந்து, தலைக்குத் தண்ணீர் ஊற்றி இரண்டு வாரம் ஆகிவிட்டது. பையன் பழையபடி தெருவில் ஓடியாடுகிறான். வேளைக்கு வேளை நன்றாகச் சாப்பிடுகிறான். ஒரு நாள் மாலை அவனுக்குக் கால் கழுவிவிடும்போது தாய் திடுக்கிடுகிறாள். முழங்காலுக்குக் கீழே, ஊசி முனையால் குத்தி வைத்ததுபோல் நூற்றுக்கணக்கான சிவப்புப் புள்ளிகள்! எங்கும் இடித்துக் கொள்ளாமலே தொடையில் ஊதா நிறத்தில் கன்றிய தடங்கள். மறுநாள் காலை பல் துலக்கும்போது ஈறிலிருந்து கசிந்த இரத்தம் வெகு நேரம் நிற்கவில்லை.

"கொசுக்கடியாக இருக்கும்" என்கிறார் பாட்டி. "அம்மை திரும்பிவிட்டதோ?" என்று அஞ்சுகிறாள் தாய். இரண்டும் இல்லை என்பதை அறிய ஓர் எளிய சோதனை உண்டு. கண்ணாடித் தம்ளர் ஒன்றை அந்தப் புள்ளிகளின் மேல் வைத்து அழுத்தி, கண்ணாடியின் வழியாகவே பாருங்கள். கொசு கடித்த தடிப்பாக இருந்தால் சிவப்பு மறைந்து தோல் வெளுக்கும். ஏனெனில் அங்கே இரத்தம் விரிந்த நாளங்களுக்கு உள்ளேதான் இருக்கிறது. அழுத்தினால் நகர்ந்து விடும். இந்தச் சிறுவனின் புள்ளிகளோ எவ்வளவு அழுத்தினாலும் மறைவதில்லை. அவை நாளத்தை விட்டு வெளியேறித் தோலுக்குள் சிந்திய இரத்தத் துளிகள். (இத்தகைய புள்ளிகள் கடுங்காய்ச்சலுடன் தோன்றினால் அது வேறு ஆபத்தான நோயாகவும் இருக்கலாம், உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.)

மருத்துவர் சிறுவனின் இரத்தத்தைச் சோதிக்கிறார். சிவப்பணுக்கள் சரியாக உள்ளன. வெள்ளணுக்களும் சரியாக உள்ளன. ஆனால் பிளேட்லெட் எனப்படும் தட்டணுக்கள்? ஒரு கன மில்லிமீட்டர் இரத்தத்தில் 1,50,000 முதல் 4,00,000 வரை இருக்க வேண்டியவை வெறும் 8,000தான் இருக்கின்றன.

மற்றவை எல்லாம் எங்கே போயின? சின்னம்மை வைரஸ் தின்றுவிட்டது என்று சொல்லலாமா? காய்ச்சல் விட்டு இரண்டு வாரம் ஆகிறதே! நோய் முழு வேகத்தில் இருந்தபோது வராத இந்த ஆபத்து, அது அடங்கி ஒழிந்த பிறகு வருவானேன்? இந்தப் புதிருக்கு விடை காண மருத்துவ உலகம் ஏறத்தாழ இரு நூற்றாண்டுகள் காத்திருந்தது. விடை கிடைத்தது, ஓர் இளம் மருத்துவர் தம் உயிரையே பணயம் வைத்தபோதுதான்.

உடைப்பை அடைக்கும் படை

தட்டணுவை முதலில் அறிமுகம் செய்து கொள்வோம். அணு என்று பெயர் இருந்தாலும் அது ஒரு முழுச் செல் அன்று, செல்லின் துணுக்கு. அதற்கு உட்கரு கிடையாது. குறுக்களவு 2 முதல் 3 மைக்ரான். அதாவது சிவப்பணுவில் பாதிகூட இல்லை. இவ்வளவு சிறியதாக இருந்ததால் வெகு காலம் நுண்ணோக்கியில் தெரிந்தும் யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை. ஏதோ தூசி என்றோ, உடைந்த வெள்ளணுவின் சிதறல் என்றோ ஒதுக்கினார்கள். இத்தாலியில் டூரின் நகரைச் சேர்ந்த கியூலியோ பிசோசெரோ என்ற அறிஞர்தாம் உயிருள்ள கினிப்பன்றியின் மெல்லிய இரத்த நாளங்களை நுண்ணோக்கியின் அடியில் வைத்து, ஓடும் இரத்தத்தையே கூர்ந்து பார்த்தார். நாளத்தின் சுவரில் காயம் பட்ட இடத்தில் இந்தத் துணுக்குகள் வந்து ஒட்டி, ஒன்றன்மேல் ஒன்று அடுக்கி அடைப்பதை அவர் கண்டார். 1882-இல் அவர் எழுதியதற்குப் பிறகே தட்டணு தனக்கென ஓர் இடம் பெற்றது.

ஏரிக்கரையில் உடைப்பு எடுத்தால் ஊரார் மணல் மூட்டைகளுடன் ஓடுவதைப் போன்றதுதான் இதுவும். வித்தியாசம் என்னவென்றால், நம் உடலில் உடைப்பு எப்போதோ ஒரு நாள் எடுப்பதில்லை. நடக்கும்போதும், உட்காரும்போதும், பல் துலக்கும்போதும் நுண்ணிய நாளங்களில் சின்னஞ்சிறு கசிவுகள் நேர்ந்து கொண்டே இருக்கின்றன. அவை நேர்ந்ததும் தெரியாமல், அடைபட்டதும் தெரியாமல் நாம் திரிகிறோம்.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். பெரியவர் ஒருவரின் உடலில் சுமார் 5 லிட்டர் இரத்தம் இருக்கிறது. ஒரு லிட்டர் என்பது 10 லட்சம் கன மில்லிமீட்டர். ஒரு கன மில்லிமீட்டருக்கு இரண்டரை லட்சம் தட்டணுக்கள் என்று வைத்தால், மொத்தம் 1,25,000 கோடி! ஒரு தட்டணு வாழ்வதோ ஏழு முதல் பத்து நாட்கள்தாம். ஆகவே நாள்தோறும் 12,500 கோடியாவது புதிதாகப் பிறந்தாக வேண்டும். இவற்றைப் பெற்றெடுப்பது எலும்பு மஜ்ஜையில் உள்ள மெகாகாரியோசைட் என்னும் இராட்சதச் செல். இது தன் உடலையே ஆயிரக்கணக்கான துணுக்குகளாகச் சிதற விடுகிறது. இந்த உண்மையை 1906-இல் கண்டு சொன்னவர் அமெரிக்காவில் பாஸ்டன் நகரிலிருந்த ஜேம்ஸ் ஹோமர் ரைட். நுண்ணோக்கிச் சோதனைக்காக அவர் அமைத்த 'ரைட் சாயம்' இன்றும் ஆய்வுக்கூடங்களில் இருக்கிறது.

இயற்கை இதில் தாராளமாக நடந்து கொண்டிருக்கிறது என்றே கூற வேண்டும். தட்டணு 50,000 ஆகக் குறைந்தாலும் பெரும்பாலோருக்கு ஒரு தொல்லையும் தெரிவதில்லை. 20,000-க்கும் 10,000-க்கும் கீழே போகும்போதுதான் தோலில் புள்ளிகளும் ஈறு, மூக்குக் கசிவுகளும் தோன்றுகின்றன. மூளையில் கசிவு ஏற்பட்டால் உயிருக்கே ஆபத்து. அது மிக அரிது. ஆனாலும் மருத்துவர்கள் அஞ்சுவது அதற்குத்தான்.

வேலை நிறுத்தமா, வழிப்பறியா?

தட்டணு என்ற ஒன்று இருப்பதே தெரியாத காலத்திலேயே இந்த நோய் எழுத்தில் பதிவாகிவிட்டது. 1735-இல் ஜெர்மானிய மருத்துவர் பால் வெர்ல்ஹாப், மூக்கிலிருந்து இரத்தம் கொட்டி, கழுத்திலும் கைகளிலும் கருநீலப் புள்ளிகள் தோன்றிய ஓர் இளம்பெண்ணைப் பற்றி எழுதியிருக்கிறார். பிற்காலத்தில் தட்டணுவை எண்ணக் கற்ற பின், இத்தகைய நோயாளிகளிடம் அது வெகுவாகக் குறைந்திருப்பது தெரிய வந்தது. ஏன் குறைகிறது என்பதில்தான் இரு கட்சிகள் உண்டாயின.

மஜ்ஜைதான் குற்றவாளி என்றது ஒரு கட்சி. சரக்கு உற்பத்தியே சரியில்லை, பிறகு கடையில் எப்படிக் கிடைக்கும் என்பது அவர்கள் வாதம். மறு கட்சியைத் தொடங்கியவர் பிராக் நகரில் மருத்துவம் படித்துக் கொண்டிருந்த பால் கஸ்னெல்சன் என்ற மாணவர். மண்ணீரல் சிவப்பணுக்களை அழிக்கும் ஒரு நோய் அப்போதே தெரிந்திருந்தது. அதே மண்ணீரல் தட்டணுக்களையும் ஏன் அழிக்கக் கூடாது என்று அவர் யோசித்தார். 1916-இல் தம் பேராசிரியரிடம் எடுத்துச் சொல்லி, நெடுநாள் நோயாளியான ஒரு பெண்ணின் மண்ணீரலை அறுவை செய்து அகற்றச் செய்தார். தட்டணுக்கள் மளமளவென்று ஏறின. ஒரு மாணவரின் பேச்சைக் கேட்டு அறுவைக் கத்தியை எடுத்த அந்தப் பேராசிரியரையும் பாராட்டத்தான் வேண்டும்.

ஆனால் வழக்கு முடியவில்லை. மண்ணீரலை எடுத்தும் குணமாகாத நோயாளிகள் இருந்தார்கள். மஜ்ஜையை ஊசியால் உறிஞ்சிப் பார்த்தபோது இன்னொரு வியப்பு. அங்கே இராட்சதச் செல்கள் ஏராளமாக இருந்தன. சிலரிடம் வழக்கத்தைவிட மிகுதியாகவே இருந்தன. ஆலை நிறையத் தொழிலாளர். சந்தையிலோ சரக்கு இல்லை! தொழிலாளர் வேலை நிறுத்தம் செய்கிறார்களா? அல்லது ஆலையிலிருந்து புறப்பட்ட சரக்கு வழியில் கொள்ளை போகிறதா? மஜ்ஜையைப் பார்த்து மட்டும் இதைத் தீர்மானிக்க முடியாது.

ஒரு தடயம் மட்டும் கிடைத்தது. இந்நோயுள்ள தாய்மார்களுக்குப் பிறக்கும் சில குழந்தைகளுக்கும் தட்டணு குறைவாக இருந்தது. ஆனால் சில வாரங்களில் தானாகவே சரியாகிவிட்டது. பிறவியிலேயே மஜ்ஜை கெட்டிருந்தால் இப்படிச் சரியாகுமா? தாயின் இரத்தத்திலிருந்து ஏதோ ஒன்று தொப்புள்கொடி வழியே குழந்தைக்கு வந்து, சில வாரங்களில் தீர்ந்து போயிருக்க வேண்டும்.

மூன்று மணி நேரம்

இனி நாம் செல்ல வேண்டிய இடம் அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் உள்ள செயிண்ட் லூயி நகரம். ஆண்டு 1950. அங்குள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் இரத்த நோய்ப் பிரிவில் வில்லியம் ஹாரிங்டன், ஜேம்ஸ் ஹாலிங்ஸ்வொர்த் என்ற இரண்டு இளம் மருத்துவர்கள் பயிற்சி பெற்று வந்தார்கள். நோயாளியின் இரத்தத்தில் தட்டணுவை அழிக்கும் பொருள் ஏதோ ஓடுகிறது என்பது அவர்கள் ஊகம். அதை மெய்ப்பிக்க ஒரே வழி, அந்த இரத்தத்தை நோயற்ற ஒருவரின் உடலில் செலுத்திப் பார்ப்பது. அந்த ஒருவர் யார்? தாங்களே என்று இருவரும் முடிவு செய்தார்கள். நோயாளியின் இரத்த வகை ஹாரிங்டனுக்குப் பொருந்தியது.

இந்நோய் கண்ட ஒரு பெண்ணின் இரத்தம் 500 மில்லிலிட்டர் ஹாரிங்டனின் நரம்பில் ஏற்றப்பட்டது. மூன்று மணி நேரத்திற்குள் அவருடைய தட்டணுக்கள் 10,000-க்கும் கீழே சரிந்தன. அவருக்கு வலிப்பு வந்துவிட்டது. தோலில் புள்ளிகள் தோன்றின. நான்கு நாட்கள் எண்ணிக்கை அதல பாதாளத்திலேயே கிடந்தது. நண்பர்கள் அவரை விட்டு அகலாமல் பார்த்துக் கொண்டார்கள். ஐந்தாம் நாள் அவர் மீண்டார்.

இந்த மூன்று மணி நேரம் என்பதைச் சற்று நின்று கவனியுங்கள்; விடை அதற்குள்தான் இருக்கிறது. ஹாரிங்டனுக்கு முதலில் இரண்டரை லட்சம் தட்டணுக்கள் இருந்ததாக வைத்துக் கொள்வோம். அவருடைய மஜ்ஜை அந்த நிமிடமே உற்பத்தியை அடியோடு நிறுத்திவிட்டது என்றும் வைத்துக் கொள்வோம். தட்டணுவின் ஆயுள் பத்து நாள் என்றால், ஒரு நாளைக்குப் பத்தில் ஒரு பங்குதானே முதுமையடைந்து மறையும்? அதாவது 25,000. மூன்று மணி நேரம் ஒரு நாளில் எட்டில் ஒரு பங்கு. எனவே 3,000 அளவுக்குத்தான் குறைந்திருக்க வேண்டும். 'வேற்று இரத்தம் கலந்ததால் நீர்த்துப் போயிற்று' என்று வாதாடவும் இடமில்லை. 5 லிட்டரில் அரை லிட்டர் சேர்ந்தால் குறைவது பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஏறக்குறைய எல்லாமே மறைந்தன என்றால், ஓடிக் கொண்டிருந்தவை கொல்லப்பட்டன என்பதைத் தவிர வேறு பொருள் இல்லை. ஹாரிங்டனின் மார்பெலும்பிலிருந்து எடுத்துப் பார்த்த மஜ்ஜையில் இராட்சதச் செல்கள் எவ்வித மாற்றமும் இன்றி இருந்தன. வழிப்பறிதான், வேலை நிறுத்தம் இல்லை.

ஒருவரிடம் நடந்ததை வைத்து முடிவு கட்டலாமா என்று கேட்பது அறிவியலின் வழக்கம். ஆகவே அந்த ஆய்வுக்கூடத்தின் தலைவர் கார்ல் மூர் உட்பட மற்றவர்களும் கை நீட்டினார்கள். பெரும்பாலோருக்குத் தட்டணு சரிந்தது. 1951-இல் இம்முடிவுகள் வெளியாயின. ஹாரிங்டன் பின்னாளில் மயாமிப் பல்கலைக்கழகத்தில் மருத்துவத் துறைத் தலைவராக விளங்கி 1992-இல் மறைந்தார்.

இன்று இத்தகைய சோதனைக்கு எந்த மருத்துவமனையின் அறநெறிக் குழுவும் இசையாது. இசையாதிருப்பதே முறை என்று நானும் கருதுகிறேன். வலிப்போடு மூளையில் கசிவும் ஏற்பட்டிருந்தால் கதை அன்றிரவே முடிந்திருக்கும். என்றாலும், பிறர்மேல் செய்யத் தயங்கியதைத் தம்மேல் செய்து கொண்டவர்கள் அவர்கள் என்பதையும் மறக்க முடியவில்லை.

ஒட்டிய சீட்டும் விழுங்கும் வாயும்

அந்தக் கொலைகாரப் பொருள் எதிர்ப்பொருள் என்று பிறகு தெளிவாயிற்று. கிருமிகளைப் பிடிப்பதற்காக நம் உடலே ஆக்கும் புரதம் அது. ஆங்கில எழுத்தான 'ஒய்' போன்ற வடிவம் உடையது. இரண்டு கைகளால் எதிரியைப் பற்றும். பின்னால் ஒரு வால் நீட்டிக் கொண்டிருக்கும். இந்நோயில் அந்தக் கைகள் தவறாகத் தட்டணுவின் மேற்பரப்பிலுள்ள புரதத்தைப் பற்றிக் கொள்கின்றன. பற்றியதால் மட்டும் தட்டணு சாவதில்லை. 'இது குப்பை, அகற்றுக' என்று சீட்டு ஒட்டியதுபோல் ஆகிறது, அவ்வளவே. ஒட்டிய சீட்டுடன் இரத்த ஓட்டத்தில் சுற்றிச் சுற்றி மண்ணீரலுக்கு வரும்போது, அங்கே வழிநெடுகிலும் காத்திருக்கும் விழுங்கணுக்கள் அந்த வாலைத் தடவிப் பார்த்து, கண்ணை மூடிக் கொண்டு தட்டணுவை விழுங்கி விடுகின்றன.

ஆக, கஸ்னெல்சன் சொன்னதும் சரி, ஹாரிங்டன் கண்டதும் சரி. மண்ணீரலை எடுத்தால் பலருக்குக் குணமாவதேன் என்பதும் விளங்குகிறது. விழுங்கும் வாய்களில் பெரும்பகுதி போய்விடுகிறது. சிலருக்குக் குணமாகாததும் விளங்குகிறது. கல்லீரலிலும் விழுங்கணுக்கள் உண்டே! ஹாரிங்டன் ஐந்து நாளில் மீண்டதற்கும் காரணம் இதுதான். அவருக்கு வந்தது இரவல் எதிர்ப்பொருள். இருந்தது தீர்ந்ததும் தொல்லையும் தீர்ந்தது. அந்தப் பச்சிளங் குழந்தைகளின் கதையும் இதேதான்.

வைரஸ் செய்யும் வேலை

இப்போது நம் சிறுவனிடம் திரும்புவோம். அவனுடைய உடல் தன் தட்டணுவுக்கே எதிர்ப்பொருள் செய்தது எதனால்?

சின்னம்மை வைரஸ் உடலில் நுழைந்ததும் அதைப் பற்றக் கூடிய எதிர்ப்பொருள்களை உடல் ஆக்கத் தொடங்குகிறது. பூட்டுக்கேற்ற சாவி செய்வது போன்ற வேலை இது. ஆனால் வைரஸின் மேலுள்ள புரதத்தில் ஒரு சிறு பகுதி, தட்டணுவின் மேலுள்ள புரதத்தின் ஒரு பகுதியைப் போலவே அமைந்திருந்தால்? வைரஸுக்காகச் செய்த சாவி சொந்த வீட்டுப் பூட்டிலும் நுழைந்து விடும். சின்னம்மைக்குப் பின் தட்டணு குறைந்த குழந்தைகள் சிலரிடம், இப்படி இரண்டு பக்கமும் பொருந்தும் எதிர்ப்பொருள்களைப் பிரித்தெடுத்துக் காட்டியிருக்கிறார்கள். எச்.ஐ.வி., கல்லீரல் அழற்சி 'சி' வைரஸ் ஆகியவற்றிலும் இத்தகைய சான்றுகள் உண்டு.

எதிர்ப்பொருள் ஏராளமாகப் பெருக ஒன்று முதல் மூன்று வாரம் ஆகும். தொடக்கத்தில் நாம் கேட்ட கேள்விக்கு விடை இதில் இருக்கிறது. வைரஸ் ஒழிந்த பிறகு தொல்லை வந்ததேன்? வைரஸை ஒழித்த படை அப்போதுதான் உச்ச பலத்தில் இருந்தது!

சின்னம்மை மட்டும் இதற்குக் காரணம் அன்று. தட்டம்மை, ருபெல்லா, பொன்னுக்கு வீங்கி ஆகியவற்றின் பின்னும் இது வரும். பல குழந்தைகளிடம் எந்த வைரஸ் என்று பெயர் சொல்லவே முடிவதில்லை. சாதாரணச் சளிக் காய்ச்சல் ஒன்று வந்து போயிருக்கும். எதிர்ப்பொருள் வழியன்றி, சில வைரஸ்கள் மஜ்ஜைக்குள்ளேயே புகுந்து இராட்சதச் செல்களை நலிவடையச் செய்வதும் உண்டு.

தடுப்பூசி போட்ட பின்னும் மிக அரிதாகத் தட்டணு குறையலாம். தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ருபெல்லா மூன்றுக்குமான கூட்டு ஊசியைப் போட்டுக் கொண்டவர்களில் 30,000 அல்லது 40,000 பேரில் ஒருவருக்கு இது நேர்கிறது. அஞ்ச வேண்டுமா? ருபெல்லா நோயே வந்தால் 3,000 பேரில் ஒருவருக்கு நேர்கிறது. ஊசிக்குப் பயந்து நோயை ஏற்றுக் கொள்பவர் பத்து மடங்கு ஆபத்தை விலைக்கு வாங்குகிறார்.

சிறுவனுக்கு என்ன மருத்துவம்? பெற்றோருக்கு நம்ப முடியாத விடை: பெரும்பாலும் ஒன்றும் வேண்டாம். கசிவு தோலோடு நின்றிருந்தால் மருத்துவர் காத்திருக்கவே சொல்வார். மரம் ஏறக் கூடாது, சைக்கிள் கூடாது, முட்டி மோதும் ஆட்டங்கள் கூடாது. ஆஸ்பிரின் கூடவே கூடாது. அது இருக்கும் தட்டணுக்களையும் வேலை செய்யவிடாமல் முடக்கும். நான்கில் மூன்று குழந்தைகளுக்கு ஆறு மாதத்திற்குள், பலருக்குச் சில வாரங்களிலேயே, எண்ணிக்கை தானாகத் திரும்பி விடுகிறது.

இரத்தம் கொட்டும் நிலை வந்தால் ஸ்டீராய்டு மருந்துகள் விழுங்கணுக்களை அடக்கும். இன்னொரு மருத்துவம் சுவையானது. சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் குழந்தை மருத்துவர் பால் இம்பாக், ஆயிரக்கணக்கானோரின் இரத்தத்திலிருந்து திரட்டிய எதிர்ப்பொருளை நோயுற்ற குழந்தைகளுக்குச் செலுத்தினார். எதிர்ப்பொருளால் வந்த நோய்க்கு எதிர்ப்பொருளே மருந்தா! ஓரிரு நாட்களிலேயே தட்டணு ஏறியது. அவர் 1981-இல் இதை வெளியிட்டார். விழுங்கணுவின் வாசலில் இந்தப் புதுக் கூட்டம் வந்து அடைத்துக் கொள்வதால், சீட்டு ஒட்டிய தட்டணுக்கள் தப்பிப் போகின்றன என்பது ஒரு விளக்கம்.

அப்படியானால் நேரே தட்டணுவையே ஏற்றிவிட்டால் என்ன? இந்நோயில் அது ஓட்டைக் குடத்தில் நீர் ஊற்றுவது போன்றது. ஏற்றிய தட்டணுக்களிலும் அதே சீட்டு ஒட்டப்படும். சில மணி நேரத்தில் அவையும் விழுங்கப்படும். உயிருக்கு ஆபத்தான கசிவில்தான் அதைச் செய்வார்கள்.

டெங்கு வேறு கதை

தட்டணு என்ற சொல்லை நம் ஊர்ப் பேச்சில் புழங்க வைத்தது டெங்குக் காய்ச்சல். தமிழ்நாட்டில் 2012-இலும் 2017-இலும் அது பெருகியபோது, டீக்கடைகளில்கூட "பிளேட்லெட் எவ்வளவு?" என்பதே பேச்சாக இருந்தது. இலங்கையில் 2017-இல் மட்டும் 1,86,000-க்கு மேற்பட்டோருக்கு டெங்கு பதிவாயிற்று. எண்ணிக்கை 40,000, 30,000 என்று இறங்க இறங்க, உறவினர்கள் தட்டணுப் பை தேடி இரவெல்லாம் இரத்த வங்கிகளின் வாசலில் நின்றார்கள்.

டெங்குவிலும் தட்டணு குறைவது உண்மை. மஜ்ஜை சில நாள் சோர்ந்து போகிறது. வெளியே உள்ளவையும் அழிகின்றன. ஆனால் இங்கே ஆளைக் கொல்வது பெரும்பாலும் தட்டணுக் குறைவு அன்று. இரத்த நாளங்களின் சுவர்கள் சல்லடைபோல் ஆகி, பிளாஸ்மா என்னும் நீர்ப்பகுதி வயிற்றிலும் நெஞ்சிலும் கசிந்து விடுகிறது. இரத்தம் குழம்பிப் போகிறது, அழுத்தம் விழுகிறது. இதற்கு மருந்து, தக்க நேரத்தில் தக்க அளவில் செலுத்தும் உப்புக் கரைசல்.

சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் 20,000-க்குக் கீழே தட்டணு இறங்கிய 372 டெங்கு நோயாளிகளை வைத்து ஒரு சோதனை நடந்தது. கடும் கசிவு எதுவும் இல்லாத அவர்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு மட்டும் முன்னெச்சரிக்கையாகத் தட்டணு ஏற்றினார்கள். 2017-இல் முடிவு வெளியாயிற்று. இரத்தக் கசிவைத் தடுப்பதில் இரு பிரிவுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஏற்றிக் கொண்டவர்களுக்கே பக்க விளைவுகள் அதிகம்.

டெங்குவில் தட்டணு எவர் உதவியும் இன்றி ஏழாம் நாள் வாக்கில் ஏறத் தொடங்கிவிடும். ஐந்தாம் நாள் பப்பாளி இலைச் சாறு கொடுத்தவர் வீட்டில் அதற்குப் பெயர். வேறு ஏதாவது கொடுத்தவர் வீட்டில் அதற்குப் பெயர். கொடுத்தவர், கொடாதவர் என இரண்டு பிரிவையும் ஒப்பிட்டுப் பார்க்காமல் இந்த வழக்கைத் தீர்க்க முடியாது.

காய்ச்சல் இறங்கும் நாளில்தான் டெங்கு நோயாளியின் வீட்டில் எல்லாரும் நிம்மதியாக மூச்சு விடுகிறார்கள். மருத்துவர் விழித்திருக்க வேண்டிய நாளும் அதுதான். அப்போதிலிருந்து ஒன்று அல்லது இரண்டு நாட்களுக்குள்தான் கசிவு உச்சத்தை எட்டும். கடுமையான வயிற்று வலி, நிற்காத வாந்தி, ஈறில் இரத்தம், சோர்ந்து படுத்தல், சில்லிட்ட கை கால்கள் ஆகியவை தட்டணு எண்ணிக்கை எதுவாக இருந்தாலும் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டிய அறிகுறிகள். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் போதும். ஆஸ்பிரினும் ஐபுப்ரோபனும் ஆகா. மருத்துவமனையில் மருத்துவர் தட்டணுவோடு இன்னோர் எண்ணையும் பார்ப்பார். இரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு நூற்றுக்கு எத்தனை என்பதே அது. அது ஏறினால் நீர்ப்பகுதி கசிகிறது என்று பொருள், கரைசலைக் கூட்டுவார். இரண்டு நாள் கழித்து, கசிந்த நீர் மெல்ல நாளங்களுக்குத் திரும்பும்போது அதே கரைசல் மிகையாகி நுரையீரலில் தேங்கும். பாட்டிலைக் கழற்றும் நேரம் அது.